கொசுறு

பூபதி கண் விழித்தபோது மணி ஐந்தே முக்கால். வலது கை தானாக இடது மணிக்கட்டைத் தடவியது. அடிகளை எண்ணும் பட்டை அங்கே இல்லை. நேற்றுப் பாக்கி வைத்துவிட்டுப் படுத்தது நினைவுக்கு வந்தது.

படுக்கப் போகும்போது பட்டையைக் கழற்றிச் சமையலறை ஜன்னலில் சார்ஜ் போட்டான். அப்போது அதில் எட்டாயிரத்து எண்ணூற்று அறுபது அடி ஏறியிருந்தது. பத்தாயிரத்துக்கு இன்னும் ஆயிரத்து நூற்று நாற்பது. பட்டைக்கு ஒரு நாள் என்பது காலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறு மணிக்கு முடிவது. நாலரைக்கு எழுந்து மொட்டைமாடியில் சுற்றி மீதியை முடித்துவிடலாம் என்று அலாரம் வைத்தவன், அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டான்.

லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்கு ஓடினான். பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. பத்தாயிரம். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"கொசுறு!" என்று வாய்விட்டே சொன்னான்.

காய்கறிக்காரம்மா கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போடுவாரே, அந்தக் கொசுறுதான். நாள் தவறாமல் நடக்கிறவனுக்குக் கடைசியில் கொஞ்சம் குறைந்தால் மெஷினே போட்டு நிரப்பிவிடும் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். பூபதி முதலில் நம்பவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் இருநூற்று எண்பது அடி பாக்கி வைத்துத் தூங்கிப்போனான். காலையில் பார்த்தால் நிரம்பியிருந்தது. அன்றைக்கு நம்பினான். மனுஷன் நடந்தால் ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கும், மிகச் சரியாகப் பத்தாயிரத்தில் நிற்கிறதென்றால் அது மெஷின் வேலைதான் என்று தனக்குத்தானே நிரூபித்தும் கொண்டான். அப்புறம் நானூறு பாக்கி வைத்தான், அறுநூறு வைத்தான். நேற்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டான். அதற்கும் விழுந்திருக்கிறது.

"முடிஞ்சுதுங்களா மாமா?"

அடுப்படிச் சுவரை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் கோகிலா உட்கார்ந்திருந்தாள். அவன் மனைவி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம்.

"முடிஞ்சுது, முடிஞ்சுது. நீ எதுக்கு எந்திரிச்சு வந்த? பாத்ரூம் போறதோட சரின்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?"

"பால் பொங்கிருமேன்னு... வந்தேனுங்க."

ஒரு வாக்கியத்துக்கு நடுவில் அவளுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. பாதம் வீங்கி மெட்டி சதைக்குள் பதிந்திருந்தது. பூபதிக்குப் பாலின் மேல் கோபம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்து மெல்லக் கட்டிலுக்குக் கூட்டிப்போனான். நெற்றி வேர்த்திருந்தது. அடுப்படிச் சூடு என்று நினைத்துக்கொண்டான்.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இருதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டுப் போன வருஷம்தான் தன் வேலையைக் காட்டியது. வால்வை மாற்றினால் பிழைத்துக்கொள்வாள். மாற்ற ஆஸ்பத்திரியில் இடம் வேண்டும். இடம் வேண்டுமென்றால் பூபதி நடக்க வேண்டும்.

சேமநடைத் திட்டம் அதுதான். ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு இடம் கேட்டால், அதே வீட்டில் நல்ல உடம்போடு இருக்கிற ஒருவர் நூறு நாள் விடாமல், தினம் பத்தாயிரம் அடி நடந்து காட்ட வேண்டும். உட்கார்ந்தே வியாதியைத் தேடிக்கொள்கிற குடும்பங்களுக்கு எதற்கு இடம் என்று யாரோ ஒரு புத்திசாலி கேட்டான். எல்லோரும் அதற்குத் தலையாட்டினார்கள். ஒரு நாள் தவறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். இன்றைக்குப் பூபதிக்குத் தொண்ணூற்றாறாவது நாள். இன்னொரு நூறு நாள் இவங்களால தாங்க முடியாதுங்க என்று டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

கோயம்புத்தூரே நடந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் யாரும் நிற்பதில்லை, வட்டமடிக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் வரைக்கும் சொந்தபந்தமெல்லாம் பந்தலைச் சுற்றி நடக்கிறது. கோயில்களில் பிராகாரத்தில் கால் வைக்க இடமில்லை. சன்னதிக்குள் எட்டிப் பார்க்கிறவரைத்தான் காணோம்.

பூபதிக்கு வேறொரு கஷ்டமும் இருந்தது. வேலையில் இருக்கிறவனுக்குத்தான் திட்டத்தில் இடம், வேலை என்பது நாற்காலி. அந்த நாற்காலிக்கும் கணக்குத் தெரியும். எட்டரை மணி நேரம் உடம்பு அதில் பதிந்திருக்க வேண்டும். எழுந்து போக ஒரு நாளைக்குப் பதினோரு நிமிஷம். மாதத்தில் மூன்று நாள் குறைந்தால் வீட்டுக்குப் போகலாம். பட்டை அவனை உட்கார விடவில்லை, நாற்காலி எழ விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி ஒரு வலியோடு, பஸ்ஸில் மூன்று ஸ்டாப்புக்கு முன்பே இறங்கி, மாடிப்படி ஏறி, மறுபடி இறங்கி, தொண்ணூற்றைந்து நாளை ஓட்டியிருந்தான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவன் பார்க்கிற வேலை என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். மற்றவர்கள் உண்மையாகத்தான் நடந்தார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலை.

ஆளுக்கொரு நடை உண்டு. பட்டை அதைப் பழகி வைத்திருக்கும். சந்தேகமான நடையை அப்போதைக்கு எண்ணிக்கொண்டு, சரவணம்பட்டியில் இருந்த அவன் ஆபீஸின் ஏழாவது மாடிக்கு அனுப்பும். திரையில் பெயர் இருக்காது, ஒரு எண் மட்டும். கோட்டால் வரைந்த ஓர் உருவம் நடந்து காட்டும். அதைப் பார்த்துவிட்டு, மெய் அல்லது பொய் என்று இரண்டில் ஒன்றை அழுத்த வேண்டும். ஒரு கேஸுக்கு மூன்று நிமிஷம். பூபதிக்கு ஒரு நிமிஷம் போதும். நாய்க் கழுத்தில் கட்டியது, தொட்டிலில் கட்டியது, கூலிக்கு ஆள் வைத்து நடந்தது எல்லாம் அவன் கண்ணுக்குத் தப்பாது. ஆபீஸில் அதற்காக அவனுக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்திருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, ஒரு கூத்தைக் கேளுங்க," என்றாள் சலோமி. தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே வேலையைப் பார்க்கிறவள். "போன மாசம் கணுக்கால் உடைஞ்ச பொம்பள ஒருத்தி. நொண்டி நொண்டி நடந்தா. சந்தேகம்னு எனக்கு வந்துது. நான் மெய்னு போட்டு, காயம்னு காரணமும் போட்டனுங்க."

"சரியாத்தான போட்டிருக்கற?"

"அதாங்க வம்பு. மெய்னு போட்டதும் மெஷின் அந்த நொண்டி நடையையே அவ நடைன்னு எடுத்துக்கிச்சு. பழசை அழிச்சுருச்சு. இப்பக் கட்டுப் பிரிச்சு நல்லா நடக்கறாளாம், ஒரு அடி ஏற மாட்டேங்குதாம். புது நடை எடுத்தா முப்பது நாளைக்கு மெஷின் வேற நடைய எண்ணாமக் கறாரா இருக்குமல்லங்க? புகாருக்கு வந்த போன்ல ஒரே அழுகை."

"முப்பது நாள்தான? நொண்டியே நடக்கச் சொல்லு," என்றான் பூபதி. சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

"உங்களுக்கென்னங்கண்ணா, கொசுறு விழுகுது. எங்கூட்டுக்காரருக்கும் ஒரு வாரமா விழுகுதுங்க. என்ற மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷனுக்கு நடக்கறாரல்ல, மனுசன் அசந்து தூங்கினாலும் காலைல சொல்லி வெச்ச மாதிரி பத்தாயிரம்."

"நல்ல மனசு இருந்தா மெஷினும் இரங்கும்," என்றான் பூபதி. அடுத்த கேஸ் திரைக்கு வந்தது. கோட்டுருவம் ஒன்பது அடி நடந்து திரும்பியது, மறுபடி ஒன்பது அடி நடந்து நின்றது, வெகுநேரம் நின்றது. "இந்தா, இதோ ஒரு உள்நடை. வீட்டுக்குள்ளயே செவுத்துக்குச் செவுரு யாரோ முடியாததுக கட்டீட்டு நடக்குது. இதைக் கண்டுபுடிக்கறதுதான் இருக்கறதுலயே சுலபம்." பொய்யை அழுத்தினான். எங்கேயோ ஒரு வீட்டில் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போனது.

"பாவமுங்க," என்றாள் சலோமி.

"பேரு தெரியாத வரைக்கும் என்ன பாவம்?"

வழக்கமாக உள்ளூர் கேஸ்கள் அவர்களுக்கு வராது. சேலத்துக்குப் போகும், சேலத்து நடைகள் இங்கே வரும். தெரிந்தவர் நடையைத் தெரிந்தவர் பார்க்கக் கூடாது என்பது விதி. அன்றைக்கு மத்தியானம் சேலத்தில் சர்வர் படுத்துக்கொண்டது. எல்லா ஊர்க் கேஸும் கலந்து வரும், யாரும் கேள்வி கேட்காமல் முடித்துக் கொடுங்கள் என்று மேலிடத்திலிருந்து ஒரு செய்தி திரையில் ஓடியது.

இரண்டு மணி நாற்பத்தேழு நிமிஷத்துக்கு அந்தக் கேஸ் வந்தது. இன்று விடியற்காலை நாலு மணி பன்னிரண்டு நிமிஷத்தில் தொடங்கிய நடை. பதினோரு அடி, திருப்பம். பதினோரு அடி, திருப்பம். உள்நடை. பூபதியின் விரல் பொய்யின் மேல் போய் உட்கார்ந்தது.

உருவம் திரும்பும்போது கை இடுப்புக்குப் போய் எதையோ சொருகியது.

விரல் அப்படியே நின்றது. மறுபடி ஓட்டிப் பார்த்தான். நாலாவது அடியில் கால் கொஞ்சம் உயரத் தூக்கி வைக்கிறது, நிலைப்படி தாண்டுகிற மாதிரி. ஏழாவது அடியில் கை சுவரைத் தேடுகிறது. பதினொன்றில் திருப்பம், கை இடுப்புக்குப் போய் முந்தானையைச் சொருகுகிறது. அடுப்படியிலிருந்து வாசல் கதவுக்குப் பதினோரு அடி. நாலாவது அடியில் நிலைப்படி. பத்தொன்பது வருஷமாக, எந்த வேலைக்கும் முன்னால் முந்தானையை அப்படி இழுத்துச் சொருகுகிறவளை அவனுக்குத் தெரியும்.

அந்த எண்ணில் இருந்த பழைய நடைகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் இருநூற்று எண்பது அடி. அப்புறம் நானூறு. அறுநூறு. இன்று ஆயிரத்து நூற்று நாற்பது. அவன் பாக்கி வைத்ததெல்லாம் ஓர் அடி பிசகாமல் அங்கே இருந்தது. முதல் நாள் தொண்ணூறு அடிக்கு ஒரு முறை நின்றிருக்கிறாள். இன்றைக்குப் பதினோரு அடிக்கு ஒரு முறை. ஒவ்வொரு நிற்றலிலும் கை நெஞ்சுக்குப் போய் அங்கேயே இருந்தது. ஓரிடத்தில் உருவம் மடங்கித் தரையில் உட்கார்ந்து, ஆறு நிமிஷம் அசையாமல் இருந்து, சுவரைப் பிடித்து எழுந்து, மறுபடி நடந்தது. ஐந்து மணி முப்பத்தொரு நிமிஷத்துக்குப் பத்தாயிரத்தைத் தொட்டதும் நின்றுவிட்டது. மெஷின் வேலை என்று அவன் நிரூபித்துக்கொண்டானே, அந்தச் சரியான பத்தாயிரம். அதற்கு மேல் ஓர் அடி வைக்க அவளிடம் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

பூபதிக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வேர்த்த நெற்றியை அவன் தன் கையால் துடைத்துவிட்டிருந்தான். அவள் பால் என்று சொன்னாள், இவன் பாலைத் திட்டினான். ஊரில் உள்ளவர் நடையெல்லாம் பார்த்துச் சொல்கிற கெட்டிக்காரன்!

திரையின் மூலையில் நாற்பது நொடி மிச்சம் என்று ஓடியது. பொய் என்றால் பூஜ்யம்; பூஜ்யம் என்றால் கோகிலா இல்லை. மெய் என்றால் இன்றோடு ஐந்து நாள். இனி ஓர் அடிகூடப் பாக்கி வைக்க மாட்டேன், முழங்கால் தேய்ந்தாலும் நானே நடந்து முடிப்பேன் என்று நினைத்தான். மெய்யை அழுத்தினான். காரணம் கேட்டது. காயம் என்று போட்டான். திரை நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேஸைக் கொண்டுவந்தது.

மிச்ச நேரம் எப்படிப் போயிற்று என்று அவனுக்குத் தெரியாது. வந்த உள்நடையையெல்லாம் மெய் என்று போட்டான். ஆறு மணிக்கு நாற்காலி விடுவித்ததும் எழுந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றான்.

"சலோமி, கொசுறுன்னு ஒண்ணு இல்லம்மா."

"என்னங்கண்ணா சொல்றீங்க?"

"மெஷின் யாருக்கும் போடறதில்ல. வீட்டுக்குப் போயி உன்ற மாமியா காலப் பாரு."

அவள் முகம் மாறுவதைப் பார்க்க அவன் நிற்கவில்லை.

பஸ் ஏறவில்லை. வீடு பீளமேட்டுக்குப் பின்னால், எட்டு கிலோமீட்டர். முழுவதும் நடந்தால் பதினோராயிரம் அடியாவது இருக்கும், மத்தியானம் வரை நடந்ததும் சேர்ந்தால் தாராளம். விறுவிறு என்று நடந்தான். குதிகால் ஆணி மண்டை வரை ஏறியது. இருநூறு முந்நூறு அடிக்கு ஒரு முறை பட்டை கையில் துடித்தது. தட்டிக்கொடுக்கிறது என்று நினைத்தான். குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் வேகம் குறையும். இன்றைக்கு அவள் தூங்குவாள், விடிய விடியத் தூங்குவாள் என்ற ஒரே நினைப்பில் வண்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனான்.

தெரு முனை பேக்கரியின் வெளிச்சத்தில்தான் கையைத் திருப்பிப் பார்த்தான்.

மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

கீழே சிவப்பில் ஒரு வரி நகர்ந்தது. நடை பொருந்தவில்லை. கணக்கில் சேராது. நடை பொருந்தவில்லை.

கொஞ்ச நேரம் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேக்கரி வாசலில் முன்னும் பின்னும் பத்தடி நடந்து பார்த்தான். எண் அசையவில்லை. அப்புறம் கணுக்கால் உடைந்தவள் நினைவுக்கு வந்தாள். மெய் என்று போட்ட நடையை மெஷின் எடுத்துக்கொள்ளும், பழசை அழித்துவிடும், முப்பது நாள் கறார். காலையில் அதைக் கேட்டுச் சிரித்தவன் மத்தியானம் மறந்துபோனான். இனி இந்தப் பட்டைக்குப் பூபதி என்றால் கோகிலாவின் நடை. அவனுடைய நடை யாரோ ஒரு அந்நியனுடையது.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அழுதுகொண்டே நடந்தான்.

கோகிலா கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும்.

"ஏன் மாமா, இவ்வளவு நேரம்? முடிச்சுட்டீங்களா?"

"நாலே காலுக்கு எந்திரிச்சு நடக்கறியா?"

அவள் போர்வை நுனியைத் திருகினாள்.

"யாரு சொன்னாங்க?"

"நீதான் சொன்ன. திரும்பறப்பெல்லாம் முந்தானையச் சொருகினியே."

"அதுல அதெல்லாமா தெரியுது?" என்றாள். வெட்கப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம். "அலாரத்த நான்தான் அமத்தினேனுங்க. தூக்கத்துலயும் உங்க கால் ரெண்டும் நடந்துட்டே இருக்குது மாமா. போட்டு உதைக்குது. அதைப் பாத்துட்டு எப்படி எழுப்பறது?"

"மொத நாளே சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க வந்து பாத்துட்டு, கொசுறுன்னு சொல்லிச் சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பப் பாத்து எத்தன மாசமாச்சு? அப்பறம் வாய் வரல."

பூபதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். தன் கையாலேயே தன் நடையை அழித்துவிட்டதையும் சொன்னான். அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"கழட்டிக் குடுங்க."

"கோகிலா..."

"அதுக்கு என்ற நடைதான வேணும்? குடுங்க. அஞ்சு நாள்தான?"

"ஆறாயிரத்துச் சொச்சம் இருக்குது புள்ள. செத்துருவ."

"நடக்காட்டி மட்டும்?"

அவள் காலைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தாள். பூபதி அந்த வீங்கிய காலைப் பிடித்துத் திரும்பக் கட்டிலில் வைத்தான். நொண்டியே நடக்கச் சொல்லு என்று காலையில் சொன்ன தன் குரல் அவனுக்கே கேட்டது. அப்போதுதான் அது தோன்றியது.

பிளாஸ்டிக் நாற்காலியைக் கூடத்தில் சுவரோரமாகப் போட்டு, அவளைத் தூக்கி வந்து உட்கார வைத்தான். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டு, நுனியை இடுப்பில் சொருகிக்கொண்டு அடுப்படியில் போய் நின்றான்.

"சொல்லிக் குடு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்கே மூச்சு வாங்கியது. "என்ன மாமா இது கூத்து?"

"நீ எப்படி நடந்தியோ அப்படியே சொல்லு."

நடந்தான். எண் அசையவில்லை. பட்டை துடித்து, சிவப்பு வரியை ஓட்டியது.

"கைய அப்படி வீசாதீங்க. எனக்கு எங்க அவ்வளவு தெம்பு? வயித்தோட ஒட்டி வெச்சுக்குங்க."

ஒட்டி வைத்துக்கொண்டு நடந்தான். அசையவில்லை.

"பாதத்த முழுசா ஊனாதீங்க. வீக்கம், ஊனினா வலிக்கும். வெளிப்பக்கமாச் சாய்ச்சு வைங்க. ஆங். நாலாவது அடியில நிலைப்படி. தூக்கி வெச்சதும் படபடன்னு வரும், கண்ணு இருட்டும். அதனால ஏழாவதுல செவுத்தப் புடிப்பேன்."

சுவரைப் பிடித்தான். அவள் கைபட்டுப் பட்டு அந்த இடத்தில் சுண்ணாம்பு மழுங்கியிருந்தது. இத்தனை நாள் அவன் கண்ணில் படவில்லை. வாசல் வரை போய்த் திரும்பினான், சொருகினான். அசையவில்லை. இப்படியே பத்துப் பன்னிரண்டு தடவை. மணி எட்டாகிவிட்டது.

"அங்க நிக்கோணுமுங்க," என்றாள் கோகிலா. "நீங்க நிக்காமப் போறீங்க."

"எவ்வளவு நேரம்?"

"மூச்சு திரும்பி வர்ற வரைக்கும்."

கதவருகே நின்றான். கையை நெஞ்சில் வைத்தான். அவனுக்குத்தான் மூச்சு எங்கும் போகவில்லையே, எது திரும்பி வர? வாயை மூடி மூச்சை அடக்கினான். நெஞ்சு முட்டியது. கண்ணில் பூச்சி பறந்தது. தோள் தானாகக் குனிந்தது, முழங்கால் தளர்ந்தது. இன்னும் அடக்கினான். இதை அவள் மூன்று வாரமாக, அவன் தூங்குகிற அறைக்கு வெளியே, சத்தம் கேட்காமல் செய்திருக்கிறாள். மூச்சை விட்டு, சுவரில் சாய்ந்து, காலை வெளிப்பக்கமாக ஊன்றி ஓர் அடி வைத்தான்.

பட்டை துடிக்கவில்லை. மூவாயிரத்து நூற்றுப் பதின்மூன்று.

காலை ஆறு மணிக்குப் பத்து மணி நேரம் இருந்தது. அவளுடைய வேகத்தில் எட்டு மணி நேரமாவது ஆகும். அப்புறம் நாற்காலி. அப்புறம் இன்னும் நாலு நாள்.

"இப்பத் திரும்புங்க மாமா," என்றாள் கோகிலா.

பூபதி திரும்பினான். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டான்.